அசையாதே என்றேன்

என் மகள் கிருபாவின் இடக்கண் போனதற்குக் காரணம் நான். அவள் அண்ணன் சாம் அல்ல.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை... இல்லை, தவறு. ஒருவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. அதனால்தான் இப்போது முன்பின் தெரியாத உங்களிடம் வந்து நிற்கிறேன்.

நான் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பூர்வீகம் நாசரேத் பக்கம். ஊரில் டிராயிங் சார் என்பார்கள். எத்தனையோ படம் வரைந்திருக்கிறேன், எல்லாவற்றையும் ஊர் மறந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். எங்கள் சபையார் ஒரு வருஷம் அதைக் காலண்டரில் போட்டார்கள். வாசற்படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, குனிந்து, அவள் கண்ணில் ஊதுவான் ஒரு சிறுவன். அவன் கன்னம் உப்பியிருக்கும். அவள் கை அவன் சட்டையைப் பற்றியிருக்கும். கீழே சகோதர அன்பைப் பற்றி ஒரு வசனம்.

தையற்கடையில் தொங்கியது. பல் டாக்டரின் முன்னறையில் தொங்கியது. வருஷம் முடிந்த பிறகும் படத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் உண்டு. மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். செத்துப்போன அண்ணன் நினைவு வந்ததாம்! நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொன்னேன். அரைக்கிலோ ஊழி மீனும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சிறுமி கிருபா. அந்தச் சிறுவன் சாம். அப்போது அவள் கண்ணில் இருந்தது தூசி அல்ல. சுண்ணாம்பு.

பிள்ளைகளுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து வரைவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் தம் பாட்டில் இருக்க வேண்டும். தின்னும்போது, சண்டை போடும்போது, தூங்கி வழியும்போது... அந்த நேரம் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்பது என் கொள்கை. கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது! ஆனால் அன்று அப்படித்தான் பேசித் திரிந்தேன்.

பிள்ளைகள் ஒரு நிலையில் நிற்பார்களா? அதற்காக வீட்டில் ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தேன். நான் "அசையாத" என்று சொன்னால் எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும். தோசைத் துண்டை வாயருகே கொண்டுபோன கை அங்கேயே நிற்க வேண்டும். பேசக் கூடாது. நான் "சரி" என்ற பிறகுதான் விடுதலை. அதன் பிறகு ஆளுக்கொரு மக்ரூன் கிடைக்கும்.

கிருபாவுக்கு அப்போது நாலு வயசு. நெளிவாள், சிரித்துவிடுவாள். சாமுக்கு ஒன்பது. அவன் அசையவே மாட்டான். ஒரு தடவை அவன் காலில் கட்டெறும்பு ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டி நின்றதே தவிர, பிள்ளை காலை எடுக்கவில்லை. அதை ஆசிரியர் அறையில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். என் மகன் சொக்கத் தங்கம் என்றேன்.

கிறிஸ்துமஸ் வருகிறதென்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். கடைகளில் டப்பா பெயின்ட் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கு அது ஆகாது. கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டும். சுட்ட கிளிஞ்சலைச் சுண்ணாம்புக் காளவாசலில் வாங்கி வந்து, பெரிய பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால், அடுப்பே இல்லாமல் சோறு பொங்குவதுபோல் தளதளவென்று கொதிக்கும். அடங்கிய பிறகு வெண்ணெய் மாதிரி ஆகும். அந்த வெள்ளைக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டில் இந்தக் கொதிபானை எதற்கு என்று என் மனைவி ரூபி தடுத்தாள். வெள்ளையைப் பற்றி எனக்கே பாடமா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

அன்று பானையை முற்றத்தில் வைத்தது நான். தண்ணீர் ஊற்றியது நான். ரூபி துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பக்கத்தில் போகாதீர்கள் என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முன்னறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை! நாலு வயசுப் பிள்ளைக்கு அது போதும் என்று நினைத்தேனே...

கிருபா ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துப் பானைக்குள் போட்டிருக்கிறாள். தெறித்திருக்கிறது.

எனக்குக் கேட்டது அழுகைச் சத்தம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அழுகைக்கா பஞ்சம்? மெதுவாகத்தான் எழுந்தேன். திரையை விலக்கினேன்.

முற்றத்துப் படியில் அவர்கள் இருவரும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அவன் அவள் முகத்தை ஏந்தியிருந்தான். கன்னத்தை உப்பி, உப்பி ஊதிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காத, யாருக்காகவும் செய்யாத ஒன்று. நான் ஆயுசு பூராவும் தேடியது அதைத்தான்.

சாம் என்னைப் பார்த்துவிட்டான்.

"அப்பா, பாப்பா கண்ணுல..." என்றான்.

"அசையாத," என்றேன்.

அவன் வாய் மூடிக்கொண்டது. கன்னம் மறுபடி உப்பி, அப்படியே நின்றது.

சுவரிலிருந்து பழைய காலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்தேன். சட்டைப் பையில் பென்சில் இருந்தது. வரையத் தொடங்கினேன். பக்கத்துக் கோயிலில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். கிருபாவின் அழுகை கம்மிப்போய் முனகலானது. அடங்கிவிட்டாள், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

தூசி என்றுதான் நினைத்தேன்... இந்த ஒரு வரியை எத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! உங்களிடமும் சொல்லித் தப்பித்துவிடலாம். முடியாது. அவள் கன்னத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமா? அந்த இடத்தில் பென்சில் படாமல், தாளின் வெள்ளையை அப்படியே விட்டேன். அங்கே ஒரு வெள்ளை இருப்பது படத்துக்கு நல்லது என்று தோன்றியது. சுண்ணாம்புப் பானையை வைத்தவனுக்கு அது என்ன வெள்ளை என்று தெரியாதா? கண்ணுக்குத் தெரிந்தது. புத்திக்கு ஏன் போகவில்லை? போகாமல் தடுத்தது எது?

சாம் அசையாமலே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். காலண்டரில் வந்த படத்தில் அவன் கண் தங்கையைத்தான் பார்க்கும். அது நான் பிறகு மாற்றியது. அன்று அவன் பார்த்தது என்னை.

கடைசியில் "சரி" என்றேன்.

அவன் அலறிய அலறலில்தான் எனக்குச் சுயபுத்தி வந்தது. தொட்டித் தண்ணீரை வாரி வாரி அடித்தேன். ஆட்டோ பிடித்து ஓடினோம். கண் டாக்டர் எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டார். உடனே விட்டிருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற அர்த்தம் அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

நான் சொன்னேன், "கதவச் சாத்திட்டு உள்ள படுத்திருந்தேன் டாக்டர். பையன் கூப்பிடல. பயந்துட்டான் போல."

சாம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் தலையில் கை வைத்தேன். ஆறுதல் சொல்கிற தகப்பனைப்போல! அந்த முன்னறைக்கு அப்போது கதவே கிடையாது. துணித் திரைதான். இல்லாத கதவை என் வாயால் செய்து மாட்டி, வாயாலேயே சாத்தினேன்.

ரூபி பதறிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சாமைப் பார்த்து, "ஏலே, அப்பாவ ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவனோ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் "சரி" சொல்வதற்காக அப்போதும் காத்திருந்தானோ என்னவோ... நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது! மூடி வைப்பது தகப்பன் என்றால் யாரும் சோற்றைக் கிளறிப் பார்ப்பதில்லை.

பென்சிலில் வரைந்த தாளை அந்த வாரமே சுக்கு சுக்காகக் கிழித்தேன். ஆனால் கைக்கு மறக்கவில்லை. கிருபா கட்டுப் போட்ட கண்ணோடு அடுத்த அறையில் தூங்க, நான் இங்கே பெரிய துணியில் அதைத் தீட்டினேன். சாமைத் தேற்றுவதற்காக வரைகிறேன், மனசில் கற்பனை செய்து வரைகிறேன் என்றேன் ரூபியிடம். அவள் படத்தின் முன்னால் நின்று அழுதாள். அன்று ராத்திரிதான் சாமைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். பார்த்தீர்களா, நல்லது தானே நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவனுக்காக வரைந்தேன் என்பது பொய். வரையாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அந்தப் படம் நன்றாக இருக்கிறது. நான் வரைந்ததில் அது ஒன்றுதான் உருப்படி. அந்தச் சாயங்காலம் திரும்ப வந்தால் பென்சிலை எடுக்கமாட்டாய் என்று சத்தியம் செய்வாயா என்று கேட்டால்... செய்வேன், உடனே செய்வேன். ஆனால் சத்தியம் செய்கிற வேகத்தைப் பார்த்து எனக்கே சந்தேகம் வருகிறது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கண் ஆறட்டும் என்றேன். ஆறவில்லை. ரூபி தேறட்டும் என்றேன். பையன் பரீட்சை முடியட்டும் என்றேன். எங்கள் ஊர்த் திரேஸ்புரத்துக் கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு, திரைக்கு அந்தப் பக்கம் கேட்க ஒரு சாமியார் உண்டு. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்வோம். கூட்டத்தோடு கோவிந்தா! நானும் கணீரென்று சொல்வேன். கடைசியில் ரூபி நோயில் விழுந்தாள். சாமைக் கூப்பிட்டு, தங்கச்சி கண்ணுக்கு நீதான் பொறுப்பு, கடைசி வரைக்கும் அவளை விட்டுவிடாதே என்று வாக்கு வாங்கினாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அப்போதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் உப்பைத் தின்றவன் நான், தண்ணீர் குடித்தவன் சாம். தங்கையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனான். அவளைக் கேலி செய்தவன் பல்லை உடைத்தான். வெளியூரில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லி, இங்கேயே துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் சேர்ந்தான். கிருபா என்னவோ சிரித்துக்கொண்டே வளர்ந்தாள். எனக்கு ஒரு கண்தான், அதனால் ஆட்களுடைய பாதிக் குற்றம்தான் தெரியும் என்பாள். டீச்சர் வேலைக்குப் போனாள், கல்யாணமாகி இப்போது சாத்தான்குளத்தில் இருக்கிறாள். போகும்போது அந்தப் படத்தைக் கேட்டாள். அண்ணன் பாசத்துக்கு அத்தாட்சியாம்.

இன்றைக்கும் நான் சீட்டு எழுதப் பென்சில் எடுத்தால், பக்கத்தில் இருக்கும் சாமின் தோள் விறைத்துக்கொள்ளும். அவனுக்கே அது தெரியாது.

இப்படியே செத்துப்போயிருப்பேன். போன வருஷம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஒரு நாள் மருமகள் ஜெபா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"மாமா, அவிய பிள்ளையத் தூக்க மாட்டேங்காவ. நான் குளிக்கப் போனாக்கூட அடுத்த வீட்டு அக்காவ வந்து இருக்கச் சொல்லுதாவ. ஏன்னு கேட்டா, தான் பக்கத்துல இருந்தா பிள்ளைக்கு ஆகாதுங்காவ."

பெற்ற பிள்ளையைத் தூக்கப் பயப்படுகிற தகப்பனாக அவனை ஆக்கியவன் நான். பொய் என்னோடு போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேனே! அது இன்னொரு தலைமுறையின் தொட்டில் வரைக்கும் போய்விட்டதே!

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அலை இல்லாத கடல் எங்களுடையது, பேச்சுக்குக் குறுக்கே வராது. கரையில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நீ கூப்பிட்டாய், நான்தான் அசையாதே என்றேன், நின்று வரைந்தேன், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன் என்றேன். அவன் என்னை அடித்தால் தேவலை என்றிருந்தது.

சாம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெபா சொன்னாளாப்பா?"

"அவ சொன்னா. ஆனா நான் சொல்லுதது நெசம்ல."

"நீங்க அங்கன இல்லப்பா. உள்ள படுத்திருந்திய. கதவு சாத்தியிருந்துச்சு, அந்தப் பச்சக் கதவு. ஓடி வந்து தட்டியிருக்கலாம், தட்டல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பச்சைக் கதவு! அது பல வருஷம் கழித்து, வீட்டைப் பழுது பார்த்தபோது நான் போட்ட கதவு. ஏலே, அப்போது அந்த அறைக்குக் கதவே கிடையாதுல என்றேன். அவன் சிரித்தான். கதவின் முன்னால் நின்ற நினைவு இருக்கிறதாம், கையைத் தூக்கியது கூட நினைவிருக்கிறதாம். பார்க்காமல் அந்தப் படத்தை எப்படி வரைந்தேன் என்று கேட்டேன். எல்லாப் படத்தையும் மனசிலிருந்துதானே வரைவிய என்றான். கன்னத்து வெள்ளையைச் சொன்னேன். அதைத் தண்ணீர் விடும்போது பார்த்திருப்பிய என்றான்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. என்மேல் இரக்கம்! வயசான தகப்பன், மகனுடைய பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளப் படாத பாடு படுகிறார் என்று நினைத்தான். நான் அவன் முன்னால் சொன்ன முதல் பொய்யை உண்மை என்று பிடித்துக்கொண்டான். முதல்முறையாகச் சொன்ன உண்மையைப் பொய் என்று தள்ளிவிட்டான்.

"எனக்காகப் பழிய ஏத்துக்கிடப் பாக்கிய," என்றான். குரல் உடைந்துவிட்டது. "ஒங்கள மாதிரி ஒரு அப்பாவா என்னால இருக்க முடியாதுப்பா. அதான் பிள்ளையத் தூக்கப் பயமா இருக்கு."

இனி எந்தச் சொல்லைச் சொல்ல? எதைச் சொன்னாலும் அது என்னை இன்னும் ஒரு படி உயர்த்திவிடும்.

இப்போது தெரிகிறதா, ஏன் உங்களிடம் வந்தேன் என்று? மன்னிப்பு வேண்டாம். அதைக் கொடுக்க உரிமை உள்ளவன் ஒருவன்தான், அவனிடம் அதைக் கேட்கக்கூட எனக்கு வழியில்லை. கிருபாவிடம் சொன்னாயா என்று நீங்கள் கேட்பீர்கள்... இல்லை. அவள் நம்பிவிடுவாளோ என்று பயம். இந்த வயசிலும் எனக்குப் புத்தி அவ்வளவுதான். நீங்களாவது நம்புங்கள். என் மகன் கூப்பிட்டான். கூப்பிட்டான் என்று இந்த உலகத்தில் இன்னும் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

அன்று இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம். பிள்ளை தொட்டிலில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஜெபா குளியலறையில் இருந்தாள். சாம் ஓடிப்போய்த் தொட்டில் அருகே நின்றான். கை இரண்டும் முன்னால் போயின. பிறகு பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

"அப்பா, நீங்க தூக்குங்க," என்றான்.

தூக்கினேன். பிள்ளை என் தோளில் முகத்தைப் புதைத்து, விசும்பி, அடங்கியது. சாம் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.